எண்ணாமல் விட்ட மாத்திரைகள்

2022 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கரூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் பணக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வரிசை வாசல்வரை நின்றது. ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றைப் பிரித்தபோது, நோட்டில் அச்சிட்டிருந்த எண்ணின் நடுவில் இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. கண்ணைக் கசக்கினேன். தெரியாத அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயிற்று. அதன் ஓரத்தில் ரம்பப் பற்கள் போல ஒரு வளைந்த கோடு மின்னிக்கொண்டே விரிந்தது. கண்ணை மூடினாலும் அது போகவில்லை. இருபது நிமிடம் கழித்து மறைந்தது. மறைந்த கையோடு இடது நெற்றிப்பொட்டில் வலி இறங்கியது. மாற்றி உட்கார ஆள் இல்லை. இழுப்பறையில் வைத்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு மணிவரை பணம் வாங்கினேன், கொடுத்தேன். மாலையில் கணக்கை முடித்தபோது 9,500 ரூபாய் குறைந்தது. பத்தொன்பது நோட்டுகள். யாருக்கோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று தெரியவில்லை. குறையும் பணத்தைக் காசாளர்தான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டினேன். அன்றிரவு வாடகை வீட்டில் விளக்கைக்கூடப் போடாமல் சுவரில் சாய்ந்து அழுதேன். பதினான்கு வருட வேலையில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. இனி என் கண்ணையும் கையையும் நானே நம்ப முடியாதோ என்ற பயம்தான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

அந்த நாளிலிருந்து சரியான மருத்துவரிடம் போய்ச் சேர எனக்குப் பத்து மாதங்கள் ஆயின. அந்தப் பத்து மாதத்தில் நான் செய்த தவறுகளில் பாதியை, யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருப்பேன். அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தலைவலி எனக்குப் புதிது கிடையாது. கல்லூரியில் படிக்கும்போதே மாதத்துக்கு இரண்டு, மூன்று முறை வரும். தலையின் ஒரு பக்கம் மட்டும் நாடி துடிப்பதுபோலத் தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் ஆகாது. என் அம்மாவுக்கும் அப்படித்தான். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திப் படுத்திருப்பார். வீட்டில் அதற்குப் பித்தத் தலைவலி என்று பெயர். வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சில நேரம் சரியாகவும் செய்தது. ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் என்ற சொல் தெரியும், ஆனால் அது மூளை நரம்புகள் சார்ந்த நோய், குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது, அதற்கென்று தனி மருத்துவம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. ‘தலைவலிதானே’ என்றுதான் நானும் நினைத்தேன்.

2021 கடைசியில் கும்பகோணத்திலிருந்து கரூருக்கு மாற்றலாகி வந்தேன். கணவரும் மகனும் ஊரிலேயே இருந்தார்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடச் சோம்பல். காலையில் காபியோடு வேலைக்குப் போய்விட்டுப் பதினொன்றரைக்கு ஒரு வடை. சனி, ஞாயிறு விடுமுறை வந்தால் கும்பகோணத்துக்கு இரவுப் பயணம், மறுநாள் பத்து மணிவரை தூக்கம். இப்படி மூன்று, நான்கு மாதம் போவதற்குள் தலைவலி வாரத்துக்கு ஒன்றானது. கிளைக்கு எதிரிலுள்ள மருந்துக் கடையில் சொன்னபோது ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எர்காட்டமின், காஃபின், பாராசிட்டமால், கூடவே வாந்தியை நிறுத்தும் மருந்து ஒன்று, எல்லாம் சேர்ந்த கலவை. முக்கால் மணி நேரத்தில் வலி போய்விட்டது. இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று தோன்றியது. அதன்பிறகு மருத்துவச் சீட்டு என்று ஒன்று கிடையாது. வாசலில் என்னைப் பார்த்ததுமே கடைத் தம்பி ஒரு பட்டையை எடுத்து வைத்துவிடுவார். முதலில் வலி வந்தால் போட்டேன். பிறகு வரும்போலிருந்தால் போட்டேன். கடைசியில், மாதக் கடைசி, சம்பளத் தேதி, முதியோர் ஓய்வூதிய நாள் என்று கூட்டம் இருக்கும் நாட்களில் வலி வந்துவிடக் கூடாதே என்று காலையிலேயே போட்டேன். அந்த மூன்றாவது படிக்கு வந்துவிட்டவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

பணம் குறைந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதலில் போனது கண் மருத்துவரிடம். கண்ணில் கோடு தெரிந்தது அல்லவா, கண்ணில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பவர் மாறியிருக்கிறது என்று கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்த்து 7,400 ரூபாய். அந்த மின்னும் கோடு கண்ணின் கோளாறே இல்லை. மூளையின் பின்பகுதியில், பார்வையைக் கவனிக்கும் இடத்தில், நரம்பணுக்களின் செயல்பாட்டில் ஓர் அலை மெதுவாக நகர்ந்து செல்வதால் தெரிவது அது. மருத்துவர்கள் ஆரா என்கிறார்கள். மைக்ரேன் உள்ள எல்லாருக்கும் வராது. வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்து, இரண்டிலுமே தெரிகிறதா என்று கவனித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. நான் கவனிக்கவில்லை.

அடுத்தது மூக்கு. தலைவலி வரும்போது எனக்கு இடது கண்ணில் நீர் வடியும், இடது மூக்கு அடைத்துக்கொள்ளும், கன்னத்து எலும்பு வலிக்கும். அலுவலகத்தில் எல்லாரும் சைனஸ் என்றார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள், 3,500 ரூபாய். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள். கேமரா பரிசோதனை, ஆன்டிபயாடிக் இரண்டு சுற்று, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே என்று 6,800. கடைசியில் 2022 டிசம்பரில் மூக்குத் தண்டு அறுவைச் சிகிச்சை. காப்பீடு போக என் கையிலிருந்து 14,000. இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடி படுத்திருந்த இரண்டு இரவுகளில், இதோடு என் தலைவலி முடிந்தது என்று நம்பினேன். மூன்றாவது வாரம் அதே பக்கம், அதே வலி. அந்தக் காலைக்குப் பிறகு பல நாள் யாரிடமும் தலைவலி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வளைந்த மூக்குத் தண்டு எத்தனையோ பேருக்கு உண்டு, அவர்களுக்கெல்லாம் தலைவலி இல்லை. முகத்திலும் நெற்றியிலும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் முப்பெரு நரம்பு ஒன்று இருக்கிறது. மைக்ரேனின்போது கிளர்வது அதுதான். அந்தக் கிளர்ச்சியிலேயே கண்ணில் நீரும் மூக்கடைப்பும் வந்துவிடும். அதனால்தான் மைக்ரேனைச் சைனஸ் என்று நினைத்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. உண்மையான சைனஸ் தொற்றில் மூக்கிலிருந்து கெட்டியாக மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வரும், வாசனை தெரியாமல் போகும், பலருக்குக் காய்ச்சலும் இருக்கும். உங்களுக்கு வரும் ‘சைனஸ்’ வலியோடு குமட்டலும், வெளிச்சம் ஆகாமையும், படியேறினால் வலி கூடுவதும் இருந்தால், கத்தி வைக்கச் சம்மதிப்பதற்கு முன்னால் ஒரு நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அதற்கு ஒரு நாள் விடுப்பும் ஒரு பஸ் டிக்கெட்டும்தான் செலவு.

இன்னொன்றும் அங்கே நடந்தது. நான் என்னென்ன மாத்திரை போடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் வாங்குவதெல்லாம் சொல்ல வேண்டிய மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை. எர்காட்டமின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் அது உடம்பில் தேங்கி, கை கால் விரல்களுக்கு ரத்தம் போவதே ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எனக்குக் கொடுத்தது வேறு வகை, தப்பித்தேன். எந்த மருத்துவரிடம் போனாலும், தலைவலித் தைலம் தவிர நீங்கள் விழுங்கும் எல்லாவற்றின் பட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் நினைவில்லாவிட்டால் பட்டை சொல்லும்.

எனக்கு இன்றும் உடம்பு நடுங்குவது இதற்கடுத்த தவறை நினைத்தால்தான். மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருந்ததால் 2023 பிப்ரவரியில் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற பெண் ஹார்மோன்கள் கலந்த, கருத்தடைக்கும் கொடுக்கும் மாத்திரையை எழுதினார். எழுதுவதற்கு முன்னால் முறையாகக் கேட்டார்: “தலைவலி ஏதாவது உண்டா அம்மா?” நான் சொன்னேன்: “சைனஸ் தலைவலி இருந்தது டாக்டர், ஆபரேஷன் செய்துவிட்டேன்.” ஆரா வரும் மைக்ரேன் உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எந்த வயதிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாத ஆபத்து கூடுகிறது என்பது காரணம். ஒரு தவறான பெயர், இன்னொரு மருத்துவரின் சரியான கேள்விக்குத் தவறான பதிலாகிவிட்டது. ஐந்து மாதம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டேன். அந்த ஐந்து மாதத்தில் மின்னும் கோடு ஏழு முறை வந்தது. ஒருமுறை இடது கை விரல்களில் தொடங்கிய மரமரப்பு முழங்கைவரை ஏறி உதட்டுக்கு வந்தது. அப்போதும் நான் செய்தது, இழுப்பறையைத் திறந்து இன்னொரு மாத்திரை போட்டதுதான்.

கழுத்து வலி தனிக் கதை. தலைவலிக்கு முதல் நாளே கழுத்து இறுகும். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பத்து நாள் பிசியோதெரபி, 3,500 ரூபாய். அதுவும் மைக்ரேன் கிளம்புவதற்கான முன்னறிவிப்புதான் என்று பிறகு தெரிந்தது. தொடர்ந்து கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல், இனிப்புக்கு அலையும் நாக்கு, இவையும் வலிக்குச் சில மணி நேரம் முன்னாலிருந்து ஒன்றிரண்டு நாள் முன்னால்வரை வரலாம். இனிப்பு சாப்பிட்டதால் தலைவலி வந்தது என்று நான் வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். தலைவலி தொடங்கிவிட்டதால்தான் இனிப்பு கேட்டிருக்கிறது.

மே மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்தேன், 7,500 ரூபாய். ‘எல்லாம் இயல்பாக இருக்கிறது’ என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் மையத்தின் வாசலில் உட்கார்ந்து அழுதேன். கட்டி இல்லை என்பதற்கு மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் என் வலிக்குச் சாட்சியே இல்லை என்று அந்தக் காகிதம் சொல்வதுபோல இருந்தது. ஸ்கேனில் மைக்ரேன் தெரியாது. அறிகுறிகளைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டிய நோய் அது. அந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

2023 ஜூன் கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். கரூரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணம், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, உள்ளே இருபத்தைந்து நிமிடம். கோப்பில் இருந்த ஸ்கேன்களை அவர் பிறகு பார்த்தார். முதலில் கேட்டது இது: “தலையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு நாள் முழுதாகப் போனது கடைசியாக எப்போது?” யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் இருக்கலாம் என்றேன். “மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?” பத்துப் பன்னிரண்டு என்றேன். பையைக் கவிழ்த்துப் பட்டைகளை எண்ணச் சொன்னார். கடைசி ரசீதிலிருந்து கணக்குப் பார்த்தோம். முப்பது நாளில் முப்பத்தொரு மாத்திரை, குறைந்தது இருபத்திரண்டு நாள். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணும் நான், என் வாயில் போட்டதை எண்ணவே இல்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேன் குணத்தோடு இருந்தால் அது நாள்பட்ட மைக்ரேன். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரிய பங்கு அந்த மாத்திரைக்கு. வலி மருந்தை அடிக்கடி எடுக்க எடுக்க, மூளையின் வலிப் பாதைகள் மேலும் மேலும் கூர்மையாகி, மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் வலியை எழுப்பிவிடும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற தனி மருந்துகள் என்றால் மாதத்துக்கு 15 நாள், எர்காட்டமின், டிரிப்டான் வகை (மைக்ரேனுக்கென்றே உள்ள வலி மருந்துகள்), கலவை மாத்திரைகள் என்றால் 10 நாள், இந்த அளவை எட்டி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் இந்த வலைக்குள் விழலாம். இது மாத்திரைகளின் எண்ணிக்கைக் கணக்கு இல்லை, மாத்திரை போட்ட நாட்களின் கணக்கு. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான். தினம் பாதிப் பாதியாகப் போட்டு ‘நான் குறைவாகத்தான் போடுகிறேன்’ என்று இருப்பதுதான் மோசம். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்று அவர் எனக்குக் கோடு போட்டுக் கொடுத்தார்.

கலவை மாத்திரையையும் ஹார்மோன் மாத்திரையையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். மாதவிலக்கின் அதிகப் போக்குக்கு வேறு வழி பார்க்கச் சொல்லி மகப்பேறு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். இடைக்காலத்துக்கு வேறொரு வலி மருந்து, பத்து நாளுக்கு மட்டும். இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இது தலைவலியே வராமல் தடுப்பதற்கு. வழக்கமாகக் கொடுக்கும் புரோப்ரனலால் என்ற தடுப்பு மருந்து எனக்கு ஆகாது, சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைக்ரேனுக்குக் கொடுக்கும் வால்புரோயேட், டோபிராமேட் இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை.

நிறுத்திய முதல் பத்து நாள் எப்படியிருந்தது என்று எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எட்டு நாள் விடுப்பு போட்டேன். மகனுக்குப் பரீட்சை நேரம், என்னை அந்த நிலையில் அவன் பார்க்க வேண்டாம் என்று ஊருக்குப் போகவில்லை. அது தவறு, போயிருக்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து வலி இறங்கவே இல்லை. வாந்தி, வியர்வை, தூக்கமின்மை, காரணம் தெரியாத பதற்றம். நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குப் பணப்பையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போக வாசல் கேட்டுவரை வந்துவிட்டேன். அந்நேரம் கடை மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். கேட் சத்தம் கேட்டு வீட்டுக்கார அக்கா எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய், நொய்க் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் காலை எழுந்தபோது தலை லேசாக இருந்தது. பயத்தில் அசையாமல் படுத்திருந்தேன். பத்தரை மணிவரை அது லேசாகவே இருந்தது.

நீங்கள் நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, தேதி குறித்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். தூக்க மாத்திரையோ டிரமடால் போன்ற அபின் வகை வலி மருந்தோ தினமும் எடுப்பவர்கள் நிச்சயமாகத் தாமாக நிறுத்தக் கூடாது. முதல் வாரம் மோசமாகும் என்பது தெரிந்திருந்தால் பாதி பயம் குறையும். தடுப்பு மருந்துக்கும் பொறுமை வேண்டும். அமிட்ரிப்டிலின் எனக்கு வாய் வறட்சியையும் காலை மந்தத்தையும் கொடுத்தது, மூன்று கிலோ எடையையும் கூட்டியது. பலன் மட்டும் கண்ணில் படவில்லை. பன்னிரண்டாம் நாள் விட்டுவிடலாம் என்று இருந்தேன். மாத்திரையை இரவு ஒன்பது மணிக்குப் பதிலாக ஏழரைக்கே போட்டுக்கொள்ளச் சொன்னார் மருத்துவர், காலை மந்தம் குறைந்தது. ஆறிலிருந்து எட்டு வாரம் போகாமல் இந்த மருந்துகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. எனக்கு ஏழாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது.

குறிப்பேடு எழுதச் சொன்னார்கள். கைபேசிச் செயலியில் இரண்டு நாள் எழுதினேன், பிறகு மறந்தேன். கடைசியில் கைகொடுத்தது சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தில், தலைவலி இருந்தால் சிவப்புப் புள்ளி, மாத்திரை போட்டால் நீலப் புள்ளி, மாதவிலக்கு நாளுக்கு ஒரு கோடு. இவ்வளவுதான். மூன்று மாதத்தில் அது எனக்கு நிறையக் காட்டிவிட்டது. அதற்கு முன்னால் நான் தயிர், கத்தரிக்காய், புளி, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசமும் சோறுமாக இளைத்துப் போயிருந்தேன். புள்ளிகளில் அவற்றுக்கு ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. தெரிந்தவை வேறு. காலை உணவைத் தவிர்த்த நாட்கள். சஷ்டி விரதம். நேரம் தவறித் தூங்கிய ஞாயிறுகள். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு, ஈஸ்ட்ரோஜன் சரியும் நேரம். பிறகு, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வேலைக்கு ஓடுவது. இதைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. ஆனால் தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. இப்போது விடுமுறை நாளில், வயிற்றுக்குச் சாப்பிட்ட பிறகு, குளித்து முழுவதும் காயவைத்துவிட்டுத்தான் மறுவேலை. காபியை விடவில்லை. திடீரென்று நிறுத்தினாலும் அதுவே தலைவலியைக் கொடுக்கும் என்பதால் காலை ஒன்று, மாலை நான்கு மணிக்குள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்.

வலி வரும் நாளுக்கு இப்போது டிரிப்டான் வகை மருந்தான சுமட்ரிப்டான் வைத்திருக்கிறேன். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அது கூடாது, எர்காட்டமின் கலந்த மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது. ஆரா முடிந்து வலி தொடங்கும்போது போட வேண்டும், வலி முற்றிய பிறகு போட்டால் பலன் குறைவு. மைக்ரேனில் இரைப்பையின் வேலையே மந்தமாகிவிடும், விழுங்கியது உள்ளே கிடக்கும். ‘சீக்கிரம் போடு’ என்பதும் ‘அடிக்கடி போடாதே’ என்பதும் ஒன்றோடொன்று முட்டும் இரண்டு அறிவுரைகள், இன்றைக்கும் எனக்கு அதுதான் மிகக் கடினம். நீலப் புள்ளி மாதத்தில் எட்டைத் தொட்டுவிட்டால், அடுத்த வலிக்கு ஈரத் துணி, இருட்டறை, தூக்கம் என்று தாங்கிக்கொள்கிறேன். இரண்டு மாதம் தொடர்ந்து எட்டு வந்தால் மருத்துவரிடம் போகிறேன். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சிஜிஆர்பி என்ற புரதத்தின் வழியை மறிக்கும் ஊசிகளைப் பற்றியும் கேட்டேன். இருக்கிறது, விலை அதிகம், உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றார். அமிட்ரிப்டிலின் மக்கள் மருந்தகத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

சில தலைவலிகளுக்கு இந்தக் காலண்டர் கணக்கெல்லாம் உதவாது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்க்கையில் இதுவரை காணாத வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. முகம் கோணுதல், ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சு குழறுதல். வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை அடுத்தும் புதிதாக வருவது. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தலைவலியையும் தள்ளிப் போடக் கூடாது. என் கை மரமரத்த அன்று நான் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். அது மைக்ரேன்தான் என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

செலவுக் கணக்கு 52,200 ரூபாய், கவுண்ட்டரில் கட்டியதையும் சேர்த்து. ஊதியமில்லா விடுப்பு பதினொரு நாள் தனி. கிளை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னது 2023 செப்டம்பரில்தான். வேலையைத் தட்டிக்கழிக்கிறாள் என்று நினைப்பாரோ என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தையும் காலண்டரின் மூன்று தாள்களையும் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணில் கோடு வந்தால் உடனே எழுந்துவிடுங்கள் அம்மா, நானே உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார். கவுண்ட்டருக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த குழல்விளக்கும் அந்த வாரமே மாறியது. இப்போது மாதத்துக்கு நான்கைந்து சிவப்புப் புள்ளிகள் விழுகின்றன. போன மாதம் ஆறு.

அம்மாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கியபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். மாதவிலக்கு நின்றபிறகு அவருடைய தலைவலி தானாகவே குறைந்துவிட்டது. பிறகு, “உன் அண்ணன் மகளும் இப்போது துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுக்கிறாள். படிக்கச் சோம்பல் என்று அவளைத் திட்டுகிறார்கள்” என்றார். அவளுக்குப் பதினான்கு வயது. அண்ணனிடம் பேசினேன். அவளுக்கு ஒரு மாதக் காலண்டரும் இரண்டு பேனாக்களும் அனுப்பினேன். முதல் மாதத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். சிவப்பு மூன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘காலையில் சாப்பிடவில்லை அத்தை’.